அரிப்பு நின்றது; படை போயிற்றா?

புடவைக் கொசுவம் செருகும் இடத்தில் வட்டமாக ஒரு தடிப்பு. ஓரம் சிவந்து மேடிட்டிருக்கிறது. நடுவில் தோல் தெளிந்திருக்கிறது. வேர்த்தால் அரிப்புத் தாளவில்லை. "படர்தாமரைதானே, இதைப் போடு" என்று பக்கத்து வீட்டு மாமி ஒரு களிம்புக் குழாயை நீட்டுகிறார். இரண்டே நாளில் சிவப்பும் இல்லை, அரிப்பும் இல்லை. மாமியின் கைராசியை நீங்கள் மெச்சிக்கொள்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த வட்டம் எப்படி உண்டாகிறது, தெரியுமா? படர்தாமரை என்பது ஒரு பூஞ்சைக் காளான். நம் மேல்தோலிலும், நகத்திலும், முடியிலும் உள்ள கெராட்டின்தான் அதற்கு ஆகாரம். உயிரற்ற அந்த மேல் அடுக்கில் ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே, நம் தேகத்தின் எதிர்ப்புச் சக்தி கீழிருந்துகொண்டேதான் போராட வேண்டும். வெள்ளை அணுக்கள் திரளுகின்றன. தோல் சிவக்கிறது, அரிக்கிறது. மேல்தோல் வேகமாக உதிர்ந்து, காளானையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. நடுவில் இடம் இழந்த காளான் ஓரத்தில் புது இடம் பிடிக்கிறது. அதுதான் வட்டம்! அரிப்பு தொல்லைதான், ஆனால் பாராக்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளமும் அதுவே.

(பூனையிடமிருந்தோ கன்றுக்குட்டியிடமிருந்தோ தொற்றும் காளான் மிகவும் சிவந்து வீங்கும், ஆனால் பெரும்பாலும் சீக்கிரம் ஆறும். மனிதரிடமே பழகிப்போன காளானோ சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் தங்கிவிடும். உறவுக்காரர் மாதிரி!)

மாமியின் குழாயில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், அது காளானைக் கொல்வதில்லை; பாராக்காரனைத் தூங்க வைக்கிறது. காளான் நிம்மதியாகப் பரவுகிறது. வட்டம் கலைந்து, டாக்டரே சட்டென்று அடையாளம் காண முடியாதபடி உருமாறுகிறது. களிம்பை நிறுத்தினாலோ, முன்னிலும் உக்கிரமாகச் சிவந்து அரிக்கிறது. மறுபடி அதே குழாய்! தொடை இடுக்கு, அக்குள் போன்ற மெல்லிய தோலில் இப்படி மாதக்கணக்கில் தடவினால், தோல் நைந்து கோடு கோடாகத் தழும்பு விழும். அது மறையவே மறையாது.

பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018ல் இந்திய அரசு உத்தரவிட்டது. இதற்கிடையில், வழக்கமான டெர்பினாஃபைன் மருந்துக்கு எளிதில் மசியாத காளான் வேறு பரவிவிட்டது. 2020ல் அதற்குச் சூட்டிய பெயர் 'டிரைகோபைட்டான் இண்டோடினியே'. நம் தேசத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இது ஒரு பெருமையா!

படை வந்தவர்களெல்லாம் பலவீனர்கள் அல்ல. நல்ல திடகாத்திரமானவர்களுக்கும் வரும். திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஒருவருக்கு மட்டும் வைத்தியம் செய்தால், பொதுத் துண்டு வழியாகத் திரும்பி வரும். தோலைச் சிறிது சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே காளான் தெரிந்துவிடும். புறப்படும்போது மாமி கொடுத்த குழாயையும் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாளாகத் தடவினீர்கள் என்று டாக்டர் கேட்பார், கூசாமல் சொல்லிவிடுங்கள்.