நடனசாலை தேடுவோர்க்கு

நம் மாணாக்கருட் சிலர் பிரேக் நடனம் பயிலக் கோயமுத்தூரில் நடனசாலை தேடுகின்றனர். 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் வீதிகளிற் பிறந்து, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏறிய அவ்வாட்டத்தை யாம் இகழோம். ஆயின் நிலைக்கண்ணாடியும் மின்விளக்கும் கண்டு மயங்கிப் பணங்கட்டுதல் தகாது. தலையூன்றிச் சுழற்றுமுன் கழுத்தையும் மணிக்கட்டையும் பன்னாள் பழக்குவிப்பவரே ஆசிரியர். முதல் வாரத்திலேயே சுழலவிடுவோர் பிள்ளைகளின் முதுகெலும்போடு விளையாடுகின்றனர். பெண்களைச் சேர்ப்பரோ என்பதையும் வினவுக. ஆடவரே ஆடிவந்த வள்ளி ஒயிற்கும்மியை மகளிர்க்கும் பயிற்றிய நம் கோவை மாவட்டத்துப் பத்திரப்பனார் 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். அக்கும்மியைக் கற்க மெருகிட்ட தளம் வேண்டுவதில்லை, ஊர்ப்பொதுவெளி போதும். பட்டணத்துச் சாலைக்குக் கட்டணம் செலுத்துமுன், சில மாலைகள் அங்கே கால் பழகிப் பார்க்கலாகாதா?