பிழைச் செய்தியைப் படியுங்கள்

மாணவர்களே, மதுரைத் திட்டம் 1998 பொங்கல் முதல் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. யான் வட்டார மாணவரும் அவற்றைக் காலிபர் மென்பொருள்வழி மின்னஞ்சலில் கிண்டில் கருவிக்கு அனுப்பிப் படிக்கலாம்.

அனுப்ப முடியவில்லையா? கண்டபடி அமைப்புகளை மாற்றாதீர்கள். பிழைச் செய்தியைப் படியுங்கள். 535 என்றால் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. அதற்காக ஜிமெயிலின் இருபடிச் சரிபார்ப்பை முடக்குவது வீட்டுப் பூட்டை உடைப்பதற்குச் சமம். காலிபருக்கென 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல்லை உருவாக்குங்கள். சேவையகத்துடன் தொடர்பே கிட்டவில்லை என்றால் போர்ட் எண்ணைப் பாருங்கள்: 587க்கு டிஎல்எஸ், 465க்கு எஸ்எஸ்எல். அனுப்பிய நூல் வந்து சேரவில்லை என்றால், உங்கள் முகவரி அமேசானின் அனுமதிப் பட்டியலில் உள்ளதா எனச் சரிபாருங்கள்.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அறிவியல் பரிசோதனையில் மாறிகளைக் கட்டுப்படுத்துகிறோமே, அது தேர்வுக்கு மட்டும் உரிய பாடமன்று.