மீண்டும் வரும் ஜப்பான் ராணுவம்... பிலிப்பைன்ஸ் பாட்டிகள் கேட்பது என்ன?

ஜப்பான் ராணுவ வீரர்கள் பிலிப்பைன்ஸுக்குள் வந்து கூட்டுப் பயிற்சி எடுக்க வழிசெய்யும் ஒப்பந்தம், 2025 செப்டம்பர் 11 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தென்சீனக் கடலில் சீனா கொடுக்கும் நெருக்கடிதான் இரு நாடுகளையும் நெருங்க வைத்திருக்கிறது. ஆனா, இதே ஜப்பான் ராணுவத்தை வேறு முகத்தோடு பார்த்தவர்கள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அப்போ என்ன நடந்தது?

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் தாக்குதலைத் தொடங்கியது. அடுத்த மாதமே தலைநகர் மணிலா அதன் வசமானது. 1945-ல் மணிலாவை மீட்க அமெரிக்கப் படைகள் வந்தபோது, ஒரே மாதச் சண்டையில் சுமார் 1 லட்சம் பொதுமக்கள் இறந்தனர். ஜப்பான் வீரர்கள் நடத்திய படுகொலைகள், அமெரிக்காவின் பீரங்கித் தாக்குதல் என இரண்டுக்கும் நடுவில் சிக்கியது ஜனங்கள்தான்.

சிவப்பு வீடு

1944 நவம்பர் 23. பம்பாங்கா மாகாணத்தின் மபானிகி கிராமத்துக்குள் ஜப்பான் படை புகுந்தது. ஆண்களைக் கொன்றது. கொள்ளையடித்த பொருட்களைப் பெண்கள் தலையிலேயே ஏற்றி, 'சிவப்பு வீடு' எனப்படும் பெரிய பங்களாவுக்கு நடத்திச் சென்றது. அங்கே அந்தப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். உயிர்பிழைத்தவர்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பின் பெயர் 'மலாயா லோலாஸ்'. லோலா என்றால் பாட்டி. மலாயா என்றால் சுதந்திரமான.

ஜப்பான்தான் பணம் கொடுத்துவிட்டதே?

1956 ஒப்பந்தப்படி 55 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஜப்பான் ஒத்துக்கொண்டது. அதோடு கணக்கு முடிந்தது என்பது அந்நாட்டின் நிலைப்பாடு. ஆனா அது அரசுக்கும் அரசுக்கும் நடந்த பேச்சு. பாதிக்கப்பட்ட பெண்கள் வெளியே வந்து பேசத் தொடங்கியதே 1992-ல்தான். 1995-ல் ஜப்பான் அமைத்த நிதியம், பிரதமரின் மன்னிப்புக் கடிதத்தோடு பணம் கொடுத்தது. அது பொதுமக்கள் நன்கொடையில் வந்த பணம். அரசு பொறுப்பேற்றுத் தரும் இழப்பீடு இல்லை. அதனால் வாங்கியவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு.

சொந்த அரசு என்ன செய்தது?

ஜப்பானிடம் அரசு கேட்க வேண்டும் என லோலாக்கள் தொடுத்த வழக்கு, 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. வெளியுறவு விவகாரம் அரசின் முடிவு என்றது நீதிமன்றம். 2017 டிசம்பரில் மணிலா கடற்கரைச் சாலையில் வைக்கப்பட்ட நினைவுச் சிலை, 2018 ஏப்ரலில் ராத்திரியோடு ராத்திரியாக அகற்றப்பட்டது.

24 லோலாக்கள் ஐ.நா. பெண்கள் உரிமைக் குழுவிடம் போனார்கள். 2023 மார்ச்சில் வந்த முடிவு, பிலிப்பைன்ஸ் அரசு இவர்களின் உரிமையை மீறிவிட்டது என்றது. போரிட்ட வீரர்களுக்கு சலுகைகள் உண்டு, இந்தப் பெண்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அதில் முக்கியமான கேள்வி.

இனி?

சீனாவைச் சமாளிக்க ஜப்பானின் துணை தேவை என்று பிலிப்பைன்ஸ் சொல்வதில் நியாயம் இருக்கு. நட்பே வேண்டாம் என்பதல்ல லோலாக்களின் கோரிக்கை. ஜப்பான் அரசு முறைப்படி மன்னிப்பு கேட்கணும், இழப்பீடு தரணும், அதைக் கேட்டு வாங்கித் தர தங்கள் அரசு முன்வரணும். ராணுவ ஒப்பந்தம் பேச மணிலாவும் டோக்கியோவும் ஒரே மேஜையில் உட்காருகின்றன. அதே மேஜையில் இந்தப் பேச்சையும் எடுக்கலாமே? மிச்சமிருக்கும் லோலாக்களுக்கு 90 வயதை ஒட்டியாகிவிட்டது.