ஊசியும் உத்தரவும்

கற்பிட்டிக் குடாநாட்டின் முனையில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. அதனைக் காப்பவர் இப்போது நமது கடற்படையினர். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தில் மீன்வாடியிலும் உப்பளத்திலும் பிறந்து வளர்ந்த பையனுக்கு, கடல் பொய்த்த ஆண்டில், சீருடை என்பது வீரத்தின் சின்னமன்று. அது மாதச் சம்பளம். 22 ஆண்டுகள் பணிபுரிந்தால் இளைப்பாற்றுச் சம்பளம். தாயின் வைத்தியச் செலவு, தங்கையின் கலியாணம். அந்தப் பையனின் கையில் ஏற்றப்படும் தடுப்பூசியைப் பற்றியும், அவன் கையை நீட்ட மறுத்தால் அவனுக்கு என்ன நேர வேண்டும் என்பதைப் பற்றியுமே இங்கு பேசப் புகுகிறோம்.

இவ்விஷயத்தில் நம் நண்பர்களே இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். சிப்பாய் என்றால் கீழ்ப்படியப் பிறந்தவன், ஊசி வேண்டாமென்பவன் மூட்டையைக் கட்டட்டும் என்கிறது ஓர் அணி. ஊசியே முதலாளிகளின் சூழ்ச்சி, மறுப்பவனே புரட்சிவாதி என்கிறது மற்றது.

இரண்டாவது அணியோடு நீண்ட வாதம் தேவையில்லை. பெரியம்மை ஒழிந்ததென உலகம் 1980-இல் அறிவித்தது; அதனை ஒழித்தது ஊசிதான். இலங்கையில் 1993-க்குப் பின் இளம்பிள்ளை வாதம் எவரையும் முடமாக்கவில்லை. முகாம் வாழ்க்கையோ ஒரே கூடத்தில் உறங்கி, ஒரே பந்தியில் உண்ணும் வாழ்க்கை. 2020 ஏப்ரலில் வெலிசறைக் கடற்படை முகாமில் கொரோனா புகுந்தபோது நூற்றுக்கணக்கான மாலுமிகளை அது பற்றிக்கொண்டது. விடுமுறையில் சென்றவர்களோடு ஊர்களுக்கும் சென்றது. தன் உடல் தன்னுடையதே என்று சிப்பாய் சொல்லலாம். அவன் மூச்சு பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனுடையதும் ஆகிறதே! ஆகவே படையினருக்குத் தடுப்பூசி வேண்டும் என்பதே நம் கட்சி. இதில் ஐயமில்லை.

முதலாவது அணியோடுதான் நமக்கு வழக்கு.

போயர் யுத்தத்தில் ஆங்கிலேயப் படையில் குண்டு பட்டு மாண்டவர்களைவிட நோயால் மாண்டவர்களே அதிகம். அந்நோய்களில் முதன்மையானது நெருப்புக் காய்ச்சல். அதற்கான தடுப்பு மருந்தை அல்ம்றோத் றைற் அப்போதே கண்டிருந்தார். ஏற்றுக்கொண்ட சிப்பாய்கள் மிகச் சிலர். பாடம் கற்ற பிரிட்டன் 1914-இல் என்ன செய்தது? சட்டத்தால் கட்டாயப்படுத்தவில்லை. வைத்தியர்கள் அணி அணியாகச் சென்று விளக்கினர். மேலதிகாரிகளின் நெருக்குதலும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் மிகப் பெரும்பான்மையோர் ஊசி ஏற்றிக்கொண்டனர். நெருப்புக் காய்ச்சல் அந்தப் படையைப் பழையபடி வாரிக்கொண்டு போகவில்லை. கொரோனாக் காலத்திலும் பிரிட்டிஷ் படைகளில் அந்த ஊசி கட்டாயமாக்கப்படவில்லை. சாம்ராச்சியத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டளையின்றிப் படை நோயில் அழிந்துவிடும் என்பாருக்குச் சொல்கிறோம்.

அமெரிக்கா வேறு பாதையில் சென்றது. 1998-இல் அந்திராக்சு நோய்க்கெதிரான ஊசி அங்கே படையினருக்குக் கட்டாயமாக்கப்பட்டது. மறுத்தவர்களில் சிலர் பதவி இறக்கப்பட்டனர், சிலர் இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர், பலர் வெளியேற்றப்பட்டனர். 2004 அக்டோபரில் சமஷ்டி நீதிமன்றம் ஒன்று கூறியது என்ன? சுவாசத்தால் பரவும் அந்திராக்சுக்கென அம்மருந்து முறைப்படி அங்கீகாரம் பெறவில்லை. ஆதலால் அவர்களின் சம்மதமின்றி ஏற்றும்படி இட்ட கட்டளை சட்டவிரோதமானது என்றது. பின்னர் அங்கீகாரம் முறைப்படுத்தப்பட்டது, கட்டாயமும் திரும்பி வந்தது. மருந்து நஞ்சு என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் சட்டவிரோதமான கட்டளையை மறுத்ததற்காகத் தண்டனை அடைந்தவனின் போன வருடங்களை எந்தத் தீர்ப்புத் திருப்பித் தரும்?

அதே நாடு 2021 ஆகஸ்டில் கொரோனா ஊசியைப் படைக்குக் கட்டாயமாக்கிற்று. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பூரண கௌரவமின்றி அனுப்பப்பட்டவர்கள் படிப்புக்கான உதவியையும் இழந்தனர். 2023 ஜனவரியில் கட்டளை நீக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஜனாதிபதி மாறியதும், போனவர்களைப் பின்சம்பளத்தோடு திரும்ப அழைக்க ஆணை பிறந்தது. மூன்றரை ஆண்டுக்குள் ஒரே செயல் குற்றமாகவும் இருந்தது, கொண்டாடத்தக்கதாகவும் ஆயிற்று. இதில் வைத்தியம் எங்கே இருக்கிறது? தேர்தல்தான் இருக்கிறது.

இந்தியாவில் 2021-இல் விமானப்படை வீரர் ஒருவர் குஜராத் உயர் நீதிமன்றத்தை நாடினார். ஊசி ஏற்றாததால் பணி நீக்கம் செய்யலாகாதா என்று விளக்கம் கேட்டு அவருக்கு ஓலை வந்திருந்தது. நாடு முழுவதிலும் மறுத்தவர் ஒன்பது பேரே என்றும், விளக்கம் தராத ஒருவர் நீக்கப்பட்டார் என்றும் அரசு மன்றில் தெரிவித்தது. ஒன்பது பேர்! அத்தனை பெரிய படையில் ஒன்பது பேருடன் உட்கார்ந்து பேச ஒரு வைத்தியருக்கு ஒரு மாலைப்பொழுது போதாதா? மறு ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், எவரையும் பலவந்தமாக ஊசி ஏற்றிக்கொள்ளச் செய்ய முடியாதென்றும், பொதுநலன் கருதி அரசு நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாமென்றும் தீர்த்தது. பக்கவிளைவு விவரங்களை மக்கள் பார்வைக்கு வைக்கும்படியும் பணித்தது. நமக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதியே.

இனி நம் கரைக்கு வருவோம். 2020 மார்ச் 18-இல், நாடு முழுவதும் ஊரடங்கு வருமுன்னரே, அது வந்து இறங்கிய இடங்களில் புத்தளம் மாவட்டம் முதன்மையானது. அடுத்த மாதம், கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் வந்தது. 1990-இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம் மக்களுக்கு அது எத்தகைய செய்தி என்பதை விவரிக்க வேண்டுமா? நோய்த்தடுப்புச் செயற்பாட்டு நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர் இராணுவத் தளபதி. 2021 ஜனவரி 29-இல் சுகாதார ஊழியருக்கும் படையினருக்கும் முதல் ஊசிகள் ஏற்றப்பட்டபோது எரியூட்டும் கட்டளை இன்னும் நீங்கவில்லை; பெப்ரவரி இறுதியில்தான் நீங்கிற்று. ஒரு கையில் மருந்து, மறு கையில் பிணத்தைப் பறிக்கும் உத்தரவு. இரண்டும் விஞ்ஞானத்தின் பெயராலேயே வந்தன. இதைக் கண்டவன் மருந்தையும் சந்தேகித்தால் அவனை மூடன் என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பு எந்த மையவாடியையும் நிரப்பவில்லை.

நம் அரசியலமைப்பின் 15(8)-ஆம் உறுப்புரை, படையினரின் சமத்துவ உரிமையையும் பேச்சுரிமை முதலியவற்றையும் ஒழுங்கின் பொருட்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் வழங்கும் 10-ஆம் உறுப்புரையை அது தொடவில்லை. சீருடை அணிந்தவனுக்கும் மனச்சாட்சி உண்டென்று எழுதிவைத்திருக்கிறோம். எழுதியதை மதிப்பது நல்லது.

வேடிக்கை என்னவென்றால், கட்டாயமின்றி ஊசி ஏற்றும் வித்தையில் இந்நாடு உலகுக்கே ஆசான். உடப்பிலும் மாரவிலவிலும் குழந்தைகளுக்கு ஊசி தவறாமல் போய்ச் சேர்வது துப்பாக்கியாலா? வீடு வீடாக நடக்கும் மருத்துவமாதால். தாயின் மொழியிலே பேசுகிறாள், பயத்தைக் கேட்கிறாள், அடுத்த கிழமை மறுபடியும் வருகிறாள். யுத்தம் நடந்த காலத்திலேயே சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்த நாட்கள் உண்டு. அந்த மருத்துவமாதின் கல்லூரியில் நம் முகாம் அதிகாரிகள் ஒரு தவணை படித்து வரலாம்.

மறுப்பவனைக் கப்பலில் ஏற்றாதிருங்கள்; கரைப்பணிக்கு மாற்றுங்கள்; தொற்று உச்சத்திலிருக்கையில் தனியே தங்கவையுங்கள். அது நோயைத் தடுக்கும் காரியம். அவனது பதினெட்டாண்டுச் சேவையைக் குப்பையில் எறிந்து, இளைப்பாற்றுச் சம்பளமின்றி வாடிக்குத் திருப்பி அனுப்புவதால் எந்தக் கிருமி சாகிறது? ஊசியால் தீங்கு நேர்ந்தவனுக்கு நட்டஈடு உண்டென்பதும், அவன் கேள்விக்குப் பதிலளிக்கும் வைத்தியர் கட்டளை அதிகாரிக்கு அஞ்சத் தேவையில்லை என்பதும் சட்டமாக வேண்டும். அந்தச் சட்டத்தை அடுத்த கொள்ளைநோய் வருமுன், நிதானமாக, பாராளுமன்றத்தில் விவாதித்து எழுதவேண்டும். நோய் வந்தபின் இரவோடிரவாக எழுதப்படுவது எத்தகையது என்பதை 2020 ஏப்ரல் வர்த்தமானியிலேயே பார்த்துவிட்டோம்.