எந்த இரும்பு?

துருப்பிடித்த ஆணியை நாம் எறிந்துவிடுவோம். நீர் வடிகட்டியில் போடும் ஆணியோ துருப்பிடித்தால்தான் பயன். நீரில் இரும்பு அரிக்கப்படும்போது புதிதாய் உண்டாகும் துருவில் ஆசனிக்கு நஞ்சு ஒட்டிக்கொள்கிறது. துருவை மணல் தடுத்துவைக்கிறது.

வங்காளதேசத்தில் 1970களிலிருந்து, குளத்து நீரால் வரும் நோய்களுக்கு அஞ்சி, இலட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அந்நீரில் ஆசனிக்கு இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. நல்மனத்தோடு செய்த வேலைதான்; ஆசனிக்கு உண்டா என்று மட்டும் எவரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. பின்னர் அங்கே சோனோ வடிகட்டியும், நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் ஏறக்குறைய 5 கிலோ ஆணி இட்ட கஞ்சன் வடிகட்டியும் வந்தன. கஞ்சன் பல வீடுகளில் நன்கு உதவியது. சில வீடுகளில் போதவில்லை. நீரில் பொசுபேற்று மிகுந்தால் துருவில் ஆசனிக்குக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லாப் பழியையும் நீரின்மேல் போட முடியாது.

இரும்பெல்லாம் ஒன்றல்ல. ஆணி, பட்டறைச் சீவல், தூள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் அரிக்கப்படும். நாகம் பூசிய ஆணி இலேசில் துருப்பிடியாது. ஜேர்மனியில் பணியாற்றிய கமரூன் நாட்டு அறிஞர் நூபக்டெப் முன்வைத்த சோதனை எளியது: 0.1 கிராம் இரும்பை 50 மில்லிலீற்றர் ஐதான ஈ.டி.ரி.ஏ. கரைசலில் அசைக்காது வைத்து, எவ்வளவு இரும்பு கரைகிறதென்று நாட்கணக்கில் அளப்பது. எந்த இரும்பு சுறுசுறுப்பானது, எது சோம்பேறி என்று அது காட்டும். எவ்வளவு ஆசனிக்கு நீங்கும் என்று காட்டாது. அதற்கு வடித்த நீரையே சோதிக்க வேண்டும்.

ஒருமுறை முகாமொன்றில் நாமே வடிகட்டிகளைப் பகிர்ந்தளித்தோம். "பாதர், இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று ஒரு தாய் கேட்டார். எமக்குத் தெரியவில்லை. சிரித்துச் சமாளித்தோம். இடம்பெயர்ந்தவர் தமக்குத் தரப்பட்டதைத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே சோதிக்கும் கடமை கொடுப்பவருடையது என்பதே எமது கருத்து. ஆணி மாதிரியைச் சோதிக்காது, ஆறு மாதம் கழித்து நீரை மீண்டும் பாராது கொடுக்கும் வடிகட்டியைக் கொடை என்று சொல்ல எமக்கு மனமில்லை.

இன்னொன்று. வவுனியா, அநுராதபுரம் பக்கக் கிணறுகள் பலவற்றில் உள்ள தொல்லை புளோரைட்டு. அதற்கு ஆணி மருந்தல்ல. யாழ்ப்பாணத் தோட்டக் கிணற்று நைத்திரேற்றுக்கும் ஆணியை நம்பவேண்டாம். இதை வாசித்துவிட்டுக் குடத்துக்குள் ஆணி போடாதீர்கள். முதலில் உங்கள் நீரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வடிகட்டியோடு வருபவரிடம் எந்த இரும்பு, யார் சோதித்தது என்றும் கேளுங்கள். எம்மிடமும் கேளுங்கள்.