புதிதாய் வந்த மீனுக்கு யார் துணை?

சென்ற ஆண்டு எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்திற்குக் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று வந்தது. அதில் முதலில் குடியேறியது விரல் நீளமே உள்ள ஒரு நீல டாம்சல் மீன். இரண்டு மாதம் அது தனிக்காட்டு ராஜாவாய் வலம் வந்தது. பிறகு ஒரு கோமாளி மீனை வாங்கி விட்டோம். விட்ட ஐந்தாம் நிமிடமே டாம்சல் அதைத் துரத்தத் தொடங்கியது. "போகப் போகப் பழகிவிடும்" என்று வெள்ளிக்கிழமை மாலை கூடத்தைப் பூட்டிவிட்டுச் சென்றோம். திங்கட்கிழமை காலையில் கோமாளி மீன், கிழிந்த துடுப்புகளுடன் செத்து மிதந்தது.

"கொலைகார மீன்!" என்று எல்லோரும் டாம்சலைத் திட்டினோம். ஆனால் ஆற அமரச் சிந்தித்தபின் எங்கள் கருத்து மாறியது. குற்றம் டாம்சலுடையதன்று, எங்களுடையது.

டாம்சல் மீன்களில் பல, பவளப் பாறையில் ஒரு சிறு இடத்தைத் தமதாக்கிக்கொண்டு காவல் காப்பவை. உணவும், ஒளிந்துகொள்ளப் பொந்தும், முட்டைகளுக்குப் பாதுகாப்பும் அந்த இடத்தில்தான். இடத்தை இழந்தால் வாழ்வையே இழந்ததாகும். பவளப் பாறை மீன்களை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ், அவற்றுள் பல பிற இனங்களைவிடத் தம் இனத்தையே கடுமையாகத் தாக்குவதைக் கண்டு, 1963இல் வெளியான தம் நூலில் எழுதினார். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். ஒரே உணவையும் ஒரே இடத்தையும் நாடுபவர்களிடையேதான் போட்டி மிகுதி அல்லவா? கோமாளி மீனும் டாம்சல் குடும்பத்தைச் சேர்ந்ததே. வாங்கும் முன் இதைப் படித்தறிய நாங்கள் முயலவில்லை.

"மீன்கள் சண்டையிடுவது இயற்கைதானே, நாம் ஏன் தலையிட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். கடலில் தோற்ற மீன் தப்பி ஓடும். எல்லையைத் தாண்டியதும் துரத்தியது திரும்பிவிடும். கண்ணாடித் தொட்டியில் ஓட வழி ஏது? நான்கு சுவர்களை எழுப்பியவர்கள் நாம். ஆகவே அவற்றுக்குள் நடப்பதற்கும் நாமே பொறுப்பு.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. சாதுவான மீன்களை முதலிலும் முரட்டு மீன்களைக் கடைசியிலும் விட வேண்டும். புதிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து, நோயில்லை என்று கண்டபின் சேர்க்க வேண்டும். சேர்க்கும் நாளில் கற்களை இடம் மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் குலையும். பழைய மீனும் அன்று புதுமுகமே. பழைய மீனுக்கு முதலில் வயிறார இரை கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடலாம். இவை எல்லாவற்றிலும் சிறந்தது, துளையிட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய மீனைச் சில நாட்கள் அதே தொட்டியில் வைப்பது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும், கடிக்க முடியாது. பிறகும் தொல்லை ஓயாவிட்டால், அடிபட்டதையல்ல, அடிப்பதையே சில நாட்கள் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது அதுவே புதியதாய் இருக்கும்.

இந்த ஆண்டு இவ்வாறே செய்தோம். முதல் வாரம் உணவு இடைவேளைகளில் முறை வைத்துக் காவலிருந்தோம். இன்று இரண்டாவது கோமாளி மீன் தொட்டியின் இடது மூலையில் வாழ்கிறது; டாம்சல் வலப்புறம். அவை நண்பர்களாகிவிடவில்லை. ஆனால் இரண்டும் உயிரோடிருக்கின்றன. எங்களுக்கு அது போதும்.

பெற்றோரே, பிள்ளைகள் கடல் மீன் கேட்டால், மீனின் விலையோடு இந்தப் பொறுமையின் விலையையும் சொல்லிக் கொடுங்கள். கடைகளில் விற்கும் கடல் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பவளப் பாறைகளில் பிடிக்கப்பட்டவை. நம் அவசரத்தால் சாகும் ஒவ்வொன்றும் கடலுக்கு இழப்பு.

தோழியரே, ஜூன் மாதத்தில் நம் வகுப்புகளுக்கும் விடுதிக்கும் புதுமுகங்கள் வருவார்கள். "போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்லிவிட்டு நாம் கதவைப் பூட்டிச் செல்லலாமா? பழையவர்களாகிய நாமே முதலில் சற்று நகர்ந்து இடம் கொடுப்போம்.