கல் நட்டால் மனையாகுமா? வாய்க்காலை மூடினால் வயல் வாழுமா?



களை எடுக்கப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். மெயின் ரோட்டை ஒட்டி இரண்டு போகமாகத் தரிசு கிடந்த நஞ்சையில் வரப்பைக் காணோம். ராவோடு ராவாக ஜே.சி.பி. விட்டு நிரவி, செம்மண் கொட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்லை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். வாய்க்கால் ஓடிய இடத்தில் ரோடு. வண்டிப்பாதைக்குக் குறுக்கே கம்பி வேலி. வாசலில் பெரிய பேனர்: "பஸ் ஸ்டாப் அருகில், சுவையான நிலத்தடி நீர், உடனடிப் பத்திரம், தங்கக் காசு இலவசம்!"

சுவையான தண்ணியாம்! அந்தத் தண்ணி வர்ற வழியைத்தானய்யா மண்ணைப் போட்டு மூடியிருக்கீங்க!

நாம் என்ன செய்தோம்? கிராம நிர்வாக அலுவலரிடம் போனோம். "என் கவனத்துக்கு வரலையே" என்றார். பஞ்சாயத்து ஆபீசில் கேட்டோம். "நாங்க எந்த அனுமதியும் கொடுக்கலை" என்றார்கள். கொடுக்கலைன்னா ஏன் தடுக்கலை என்று கேட்டால் பதில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். நாம் இப்படி ஆபீஸ் ஆபீசாக அலைந்த நாட்களில் அங்கே மனைகள் கைமாறிக்கொண்டிருந்தன.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் அல்ல. நெடுஞ்சாலை போகிற ஊர், புறவழிச்சாலை வருகிற ஊர், காலேஜ் கட்டுகிற ஊர் எல்லாவற்றிலும் நடப்பது இதுதான்.

பாதிப்பு யாருக்கு?

"அவன் நிலம், அவன் விற்கிறான். உங்களுக்கு என்ன வலி?" என்று புரோக்கர்கள் கேட்கிறார்கள். நம்மில் சிலரும் கேட்கிறார்கள்.

வயல் என்பது தனித்தனிப் பெட்டி இல்லை. மேல்மடை வயலில் பாய்ந்த தண்ணீர்தான் கீழ்மடைக்கு வருகிறது. நடுவில் மூன்று ஏக்கரை மேடாக்கினால் கீழே இருக்கும் வயலெல்லாம் கோடையில் காயும், ஐப்பசி மழையில் மூழ்கும். பாசன வாய்க்காலும் போச்சு, வடிகாலும் போச்சு. வண்டிப்பாதையை அடைத்தால் உரமூட்டையை எப்படிக் கொண்டுபோவது? அறுப்பு மெஷினை எந்த வழியாக இறக்குவது?

இதில்தான் சூழ்ச்சியே இருக்கிறது. ரோட்டோர நிலத்தை முதலில் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். அதில் மனை போட்டு வழியையும் தண்ணியையும் அடைக்கிறார்கள். உள்ளே இருக்கும் சிறு விவசாயி இரண்டு வருஷம் தட்டுத் தடுமாறிப் பார்க்கிறான். மூன்றாவது வருஷம் அதே புரோக்கர் வருகிறான். "வழி இல்லாத நிலம், யார் வாங்குவா? ஏதோ நான் இருக்கேன், பாதி விலைக்குக் கொடு" என்கிறான். ரோட்டோரத்தான் விரும்பி விற்றான். உள்ளே இருப்பவன் விற்க வைக்கப்படுகிறான். கூடவே, நடவும் களையும் அறுப்பும் நம்பிப் பிழைக்கும் கூலிக் குடும்பங்களும், குத்தகைச் சாகுபடிக்காரர்களும் நடுத்தெருவுக்கு வருகிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது!

விவசாய நிலத்தை மனையாகப் பிரிக்க நகர் ஊரமைப்புத் துறையின் முன் அனுமதி வேண்டும். 'டி.டி.சி.பி. அப்ரூவல்' என்று சொல்வது இதைத்தான். திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தை மாற்றுவதற்கு 2017-ல் தனி விதிகளே வந்தன. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி ஒரு சீலைக் காட்டி விற்றார்களே, இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாமல் அந்தச் சீலுக்கு மதிப்பே கிடையாது.

அனுமதி வாங்கினால் மனைக்காரர் ரோட்டுக்கு இடம் விடணும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். கட்டணம் கட்டணும். இதையெல்லாம் மிச்சம் பிடிக்கத்தான் அனுமதி வாங்காமல் கல் நடுகிறார்கள்.

அனுமதி இல்லாத வேலையை நிறுத்தவும், போட்டதை அகற்றவும் 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அதிகாரம் கொடுக்கின்றன. வாய்க்கால், வண்டிப்பாதைப் புறம்போக்கை ஆக்கிரமித்தால் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்ய 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை எட்டுக்கு மேற்பட்ட மனைகளாகப் போட்டால், 2016-ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அந்தப் பேனர் கட்டியதே குற்றம்!

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. அதே வருடம் அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அனுமதி இல்லாத மனையைப் பதிய சார்பதிவாளர் மறுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆனால் நடந்தது என்ன? 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளைக் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். விண்ணப்பிக்கும் கெடுவைப் பலமுறை நீட்டித்தார்கள். அறியாமல் வாங்கிய ஏழைக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கல் நட்டவன் அதில் வேறு பாடம் படித்துக்கொண்டான்: "இன்னைக்குப் போட்டுடுவோம், நாளைக்கு வரன்முறை வரும்!"

இப்போது புதுத் தந்திரம், 'பண்ணை நிலம்'. மனை என்று எழுதாமல் 'விவசாய நிலம், 5 சென்ட்' என்று பத்திரம் போடுகிறார்கள். அஞ்சு சென்ட்டில் எந்த ஊரில் அய்யா விவசாயம் நடக்குது?

டெல்டா விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவை தடைப் பட்டியலில் உள்ளன. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் வந்துவிட்டது, வயல் தப்பித்துவிட்டது என்று யாரும் தூங்க முடியாது.

பஞ்சாப் கிராமம் காட்டிய வழி

பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ரோஹர் ஜாகிர் என்று ஒரு கிராமம். ஊர்ப் பொதுக் குளத்தை மண் போட்டு மூடி வீடு கட்டினார்கள். "கட்டிடம் வந்துவிட்டது, காலி செய்வது பொது நலன் இல்லை, நிலத்துக்குப் பணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கலெக்டரே தீர்ப்புச் சொன்னார். ஊர்க்காரர்கள் சிலர் விடவில்லை. கமிஷனரிடம் மேல்முறையீடு செய்தார்கள், ஜெயித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜனவரி 28-ல் தீர்ப்பு வந்தது. கிராமப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களைக் காலி செய்து ஊருக்குத் திருப்பிக் கொடுக்க எல்லா மாநில அரசுகளும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ரொம்ப நாளாக இருக்கிறோம், நிறையச் செலவு செய்து கட்டிவிட்டோம் என்பதெல்லாம் ஆக்கிரமிப்பை நியாயப்படுத்தாது என்றும் சொன்னது.

கலெக்டர் சொன்ன பிறகும் விடாமல் நின்ற அந்தச் சிலரால்தான் நாடு முழுவதற்கும் அந்தத் தீர்ப்பு கிடைத்தது. நம்ம ஊரில் ஒரு சிலர் கிடைக்க மாட்டோமா?

நம் கோபம் யார் மீது?

இதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். நிலத்தை விற்ற விவசாயி நம் எதிரி அல்ல. மகள் கல்யாணக் கடன், நகைக்கடன் வட்டி, கட்டுபடியாகாத நெல் விலை, இவைதான் அவரை விற்க வைத்தன. நாளைக்கு அந்த நிலை நமக்கும் வரலாம். தவணை கட்டி மனை வாங்கிய ஆட்டோக்காரரும், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும் நம் எதிரிகள் அல்ல. ரோடு இல்லை, குழாய் இல்லை, பேங்க் லோன் இல்லை என்று நாளைக்கு அழப்போவது அவர்கள்தான். அவர்களிடமும் இந்த நோட்டீசைக் கொடுங்கள். வாய்க்காலை மூடி லாபம் பார்ப்பவனும், கண்ணை மூடிக்கொண்டு உடன்படும் அதிகாரியும்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

கல்லைப் பிடுங்கி எறியலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஆத்திரம் நியாயமானது. ஆனால் கல்லைப் பிடுங்கினால் வழக்கு நம் பிள்ளைகள் மேல்தான் விழும். கல்லைப் பிடுங்க வேண்டியது அரசாங்கம். பிடுங்க வைக்க வேண்டியது நாம்.

உடனே செய்ய வேண்டியவை

1. அ-பதிவேடு, புலப்படம், கிராம வரைபடம் மூன்றையும் எடுங்கள். எந்த சர்வே எண்ணில் வாய்க்கால், எதில் வண்டிப்பாதை என்று குறித்து வையுங்கள்.

2. "இந்த சர்வே எண்ணுக்கு மனைப்பிரிவு அனுமதி உண்டா? நகல் தரவும்" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதி இல்லை என்ற ஒரு வரி பதில்தான் நம் கையில் கிடைக்கும் ஆயுதம்.

3. பட்டா நிலம் வழியாகப் போகும் பாதையோ வாய்க்காலோ ஆனாலும் கவலை வேண்டாம். 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு, பகிரங்கமாக அனுபவித்து வந்திருந்தால் 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் நமக்குத் துணை நிற்கும். பெரியவர்களின் வாக்குமூலத்தையும் போட்டோவையும் இப்போதே சேகரியுங்கள்.

4. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சார்பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேபணை அனுப்புங்கள்.

5. அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பதிவேட்டில் எழுதும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் கல் நிற்கும்போதே செய்ய வேண்டும். சுவர் எழும்பிவிட்டால் நம் மனு எதிரே ஒரு குடும்பம் நிற்கும். அப்புறம் யாருக்கும் நியாயம் கிடைக்காது.

எங்கள் கோரிக்கைகள்

அரசே! மூடிய வாய்க்காலையும் அடைத்த வண்டிப்பாதையையும் அளந்து மீட்டுக் கொடு!

அனுமதி இல்லாத மனைப்பிரிவு வேலையை உடனே நிறுத்து!

'பண்ணை நிலம்' என்ற பெயரில் சென்ட் கணக்கில் விற்கும் மோசடிக்குத் தடை போடு!

நஞ்சையை மனையாக மாற்றும் முன் கிராம சபையின் கருத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்கு!

விவசாயி நிலத்தை விற்காமல் பிழைக்கக் கட்டுபடியாகும் விலை கொடு!

தாலுகா ஆபீஸ் முன் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். மண்வெட்டியோடு வர வேண்டாம், புலப்படத்தோடு வாருங்கள். நம் பாட்டன் வெட்டிய வாய்க்கால் அதில் கோடாக இன்னும் இருக்கிறது. அந்தக் கோட்டில் தண்ணி ஓடும்வரை ஓய மாட்டோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!